வானத்து வெடிப்பும் அதன் பின்னொளியும்

கோயில் மணியை ஒரு முறை அடித்தால் அடியோசை கணப்பொழுதில் முடிந்துவிடும். அதன் ரீங்காரமோ நெடுநேரம் நின்று, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். மணி பெரியதா சிறியதா, வெண்கலமா வேறு உலோகமா என்று கேட்போன் தெரிந்துகொள்வது அடியோசையிலும் பார்க்க அந்த ரீங்காரத்தினாலேயே. வானத்தில் நிகழும் வெடிப்புக்களுள் மிக வலியதாகிய காமாக் கதிர் வெடிப்பினை மனிதன் விளங்கிக்கொண்ட வரலாறும் இத்தகையதே. வெடிப்பை அவனுடைய கருவிகள் 1967ஆம் ஆண்டிலேயே பதிந்துவிட்டன. ஆயினும் அது யாது, எங்கே நிகழ்ந்தது, எத்துணைத் தொலைவில் நிகழ்ந்தது என்னும் கேள்விகளுக்கு முப்பது ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. வெடிப்பின் பின் மங்கிச் செல்லும் பின்னொளியை 1997இல் தொலைகாட்டியிற் கண்ட பின்னரே விடை வந்தது. அந்த முப்பதாண்டுக் கதையையும், அதன் பின் நடந்தவற்றுட் சிலவற்றையும் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

காமாக் கதிர் என்பதும் ஒளியே. நாம் கண்ணாற் காணும் ஒளி, வானொலிப் பெட்டி வாங்கும் அலை, வைத்தியசாலையில் எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அலையின் நீளமே வேறு. அக்குடும்பத்தில் மிகக் குறுகிய அலையும் மிகக் கூடிய சக்தியும் உடையது காமாக் கதிர். அணுக்குண்டு வெடிக்கும்போது அது பெருவாரியாக வெளிப்படும். வானத்திலிருந்து வரும் காமாக் கதிரைப் புவியின் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. தடுக்காவிடின் இக்கட்டுரையை எழுத நானும் படிக்க நீங்களும் இருக்கமாட்டோம். ஆகவே அதனைக் காண விரும்புவோர் வளிமண்டலத்துக்கு மேலே கருவியை அனுப்புதல் வேண்டும்.

இக்கதையில் அவ்வாறு கருவி அனுப்பியவர்கள் வானியலாளர் அல்லர், போர்த்துறையைச் சார்ந்தோர். 1963 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுக்குண்டுப் பரீட்சை நடத்துவதில்லை என்று உடன்படிக்கை செய்தன. கையொப்பம் இட்டவர் சொற்காப்பரோ என்ற ஐயம் ஒவ்வொரு தரப்புக்கும் இருந்தது. சந்திரனுக்கு அப்பால் மறைவாக ஒரு குண்டை வெடித்தாலும் கண்டுகொள்ளவேண்டும் என்று கருதிய அமெரிக்கா, 'வேலா' என்னும் செய்மதிகளைச் சோடி சோடியாக ஏவியது. வேலா என்றதும் நம்மவர்க்கு வேறு நினைவு வரக்கூடும். இதுவோ காவல் காத்தல் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லின் வழிவந்த பெயர். முதற் சோடி அவ்வாண்டு ஒக்டோபரில் மேலே சென்றது. புவியிலிருந்து ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஒன்று ஒருபுறமும் மற்றையது எதிர்ப்புறமுமாக அவை வலம் வந்தன.

1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி வேலாக் கருவிகள் ஒரு காமாக் கதிர் வீச்சைப் பதிந்தன. அன்று அதனை எவரும் அறிந்திலர். செய்மதி அனுப்பிய எண்கள் அச்சிடப்பட்டுக் கட்டுக்கட்டாக நியூ மெக்சிக்கோ மாநிலத்து லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. 1969இல் ரே கிளெபசடல், ரோய் ஒல்சன் என்னும் இருவர் அக்கட்டுக்களைப் புரட்டி வந்தபோதே அது அகப்பட்டது. குண்டு வெடிப்பின் கதிர்வீச்சு எழுந்து தாழும் முறை அவர்களுக்கு மனப்பாடம். இது அவ்வாறு எழவுமில்லை, தாழவுமில்லை. எனவே குண்டன்று என்பது உடனே தெளிவாயிற்று. வேறு என்ன என்பதுதான் தெரியவில்லை.

பின்னர் ஏவப்பட்ட வேலாக்களில் நுண்ணிய கடிகாரம் இருந்தது. அதனால் ஒரு நல்ல பயன் விளைந்தது. தூரத்தில் ஒரு வெடி வெடித்தால், அதன் ஓசை ஒரு கிராமத்துக்கு முன்னும் மற்றொரு கிராமத்துக்குப் பின்னும் எட்டும். இரண்டு நேரத்தையும் ஒப்பிட்டால் வெடித்த திசை ஒருவாறு புலப்படும். அவ்வாறே ஒரு செய்மதிக்கும் மற்றொன்றுக்கும் கதிர் எட்டிய நேர வேறுபாட்டைக் கணித்தனர். அவ்வேறுபாடு ஒரு வினாடிக்கும் குறைவே. எனினும் கதிர் புவியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று நிச்சயிக்க அது போதியதாயிற்று. 1969 ஜூலை முதல் 1972 ஜூலை வரை பதிந்த 16 வெடிப்புக்களைப் பற்றி, இயன் ஸ்ட்ரோங் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, அவர்கள் 1973 ஜூனில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இராணுவம் இரகசியமெனப் பூட்டிவைத்தது என்று சிலர் கூறுவர். அது மிகை. கையாலே கட்டுக்களைப் புரட்டிய வேலைக்கு அவ்வளவு காலம் பிடித்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

கட்டுரை வெளிவந்ததும் வானியலாளர் தத்தம் கற்பனையை அவிழ்த்துவிட்டனர். இருபது ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கொள்கைகள் தோன்றின. வால்வெள்ளி நியூத்திரன் நட்சத்திரத்தில் விழுகின்றது என்றார் சிலர். நட்சத்திரத்தின் மேற்பரப்பு நடுங்குகின்றது என்றார் வேறு சிலர். 1979 மார்ச் 5ஆம் திகதி மிக வலிய ஒரு வெடிப்பு, நம் பால்வீதியின் அயலிலுள்ள பெரிய மகெல்லன் முகிலின் திசையிலிருந்து வந்தது. அது உண்மையில் வேறோர் இனத்து வெடிப்பு என்பது பின்னரே தெளிந்தது. அதுவரை அதனை வைத்தும் பலர் தம் கொள்கைகளைக் கட்டினர். ஒரு துறையில் கொள்கைகள் இவ்வாறு மலிந்துவிட்டால் அங்கே அறிந்தது குறைவென்றே நாம் ஊகிக்கலாம்.

இடர் எங்கே இருந்தது? காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையினால் வளைத்து ஒரு புள்ளியிற் குவிக்க இயலாது. ஆகவே கருவி அதனை உணருமேயன்றி, வானத்தில் அது வந்த இடத்தைத் துல்லியமாகச் சுட்டாது. முழுச் சந்திரனின் அகலம் வானத்தில் அரைப் பாகை. அக்காலக் கருவி ஒரு வெடிப்பின் இடத்தைப் பல பாகை அளவிலேயே குறித்தது. அதாவது, நூற்றுக்கணக்கான சந்திரன்களைப் பரப்பி வைக்கக்கூடிய வானப் பரப்பில் எங்கோ ஓரிடம். அப்பரப்பினுள் பெரிய தொலைகாட்டி காட்டும் மங்கல் நட்சத்திரங்கள் எண்ணிறந்தவை. தூரத்துச் செய்மதிகள் பலவற்றின் நேரங்களை ஒப்பிட்டு நுண்ணிய இடம் காணவும் முடியும். ஆனால் அக்கணக்கு முடிவதற்குள் நாட்களும் வாரங்களும் கடந்துவிடும். வெடிப்போ சில வினாடியில் தீர்ந்துவிடும். திருவிழாவில் வாணம் வெடித்து ஒரு வாரம் கழித்து, எந்த மூலையில் வெடித்தது என்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு என்ன தெரியும்?

1991 ஏப்ரலில் 'கொம்ப்டன்' வானாய்வுச் செய்மதி ஏவப்பட்டது. அதன் எட்டு மூலைகளிலும் பொருத்திய காமாக் கருவிகளைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜெரல்ட் பிஷ்மன். ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒரு வெடிப்பாக, ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புக்களை அது பதிந்தது. வெடிப்புக்கள் வானத்தின் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரந்திருந்தன. இது பெரிய செய்தி. நம் பால்வீதி தட்டையானது. அதனுள் இருப்பவை இரவில் நாம் காணும் அந்த வெண்பட்டையிலேயே குவிந்து தோன்றும். வெடிப்புக்கள் அவ்வாறு குவியவில்லை. ஆகவே ஒன்றில் அவை பால்வீதியைச் சுற்றி மிகப் பெரிய உருண்டை ஒளிவட்டம்போல் பரந்திருத்தல் வேண்டும். அல்லது பால்வீதியைக் கடந்து, பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள எண்ணற்ற உடுத்திரள்களில் நிகழ்தல் வேண்டும். முன்னது உண்மையாயின் தொலைவு சில இலட்சம் ஒளியாண்டு. பின்னது உண்மையாயின் பல நூறு கோடி ஒளியாண்டு. தொலைவு மாறினால் வெடிப்பின் வலிமையும் கோடிக்கணக்கான மடங்கு மாறும்.

1995 ஏப்ரல் 22ஆம் திகதி வாஷிங்டன் நகரில் இதுபற்றி ஒரு பகிரங்க விவாதம் நடைபெற்றது. 75 ஆண்டுகளுக்கு முன், 1920இல், சுருள் வடிவ மேகங்கள் பால்வீதிக்கு உள்ளேயா வெளியேயா என்று ஷாப்லியும் கேர்ட்டிசும் வாதிட்ட அதே மண்டபம். அருகிலுள்ளவை என்ற கட்சியில் சிக்காகோவின் டொனல்ட் லாம்ப் பேசினார். தொலைவிலுள்ளவை என்ற கட்சியில், போலந்து நாட்டவராய்ப் பிரின்ஸ்டனில் பேராசிரியராயிருந்த போடான் பச்சின்ஸ்கி பேசினார். பச்சின்ஸ்கி இக்கருத்தை 1986 முதலே சொல்லிவந்தவர். நெடுங்காலம் அவர் பக்கம் நின்றோர் சிலரே. நடுவராக இங்கிலாந்தின் மார்ட்டின் ரீஸ் இருந்தார். இருவரும் செவ்வையாக வாதித்தனர். ஆனால் வாதத்தால் முடிவு காண இயலாத விஷயம் அது. ஒரே ஒரு வெடிப்பின் தொலைவை அளந்தால் போதும், அதுவே இல்லாமலிருந்தது.

அளக்க வழி செய்தது இத்தாலியரும் ஒல்லாந்தரும் சேர்ந்து அமைத்த ஒரு செய்மதி. 1996 ஏப்ரல் 30ஆம் திகதி ஏவப்பட்ட அதற்கு, ஜியுசெப்பே ஒக்கியாலினி என்ற இத்தாலியப் பௌதிக அறிஞரை நண்பர் அழைத்த செல்லப் பெயரால் 'பெப்போ' என்று பெயர் வைத்தனர். அதில் காமாக் கருவியோடு, வானத்தின் அகன்ற பரப்பைப் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கமராக்கள் இரண்டும், குறுகிய பரப்பை நுணுகிப் பார்க்கும் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிகளும் இருந்தன. எக்ஸ் கதிரைக் கொண்டு இடத்தைக் குறிப்பது காமாக் கதிரைக் கொண்டு குறிப்பதிலும் பார்க்க எளிது. செய்மதியைச் சில மணி நேரத்தில் திருப்பவும் அதன் காவலர் பழகிக்கொண்டனர். 1997 ஜனவரியில் ஒரு வெடிப்பைத் தொடர்ந்து தேடிப் பார்த்தனர். மங்கும் ஒளி எதுவும் அகப்படவில்லை.

அடுத்தது 1997 பெப்ரவரி 28. கிறீனிச் நேரப்படி அதிகாலை மூன்று மணிக்குச் சிறிது முன்பாகக் காமாக் கருவி அதிர்ந்தது. நற்பேறாக அவ்விடம் அகன்ற கமரா ஒன்றின் பார்வைக்குள் இருந்தது. சந்திரனின் அகலத்தில் ஐந்திலொரு பங்கு கொண்ட ஒரு சிறு வட்டத்துக்குள் இடம் குறிக்கப்பட்டது. என்றிக்கோ கொஸ்தாவும் கூட்டத்தாரும் எட்டு மணி நேரத்துள் நுண்ணிய எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிகளை அத்திக்கில் திருப்பினர். அங்கே முன் எவரும் குறித்திராத ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளி தெரிந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்த்தபோது அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வெடிப்பு ஓய்ந்த பின்னும் ஏதோ ஒன்று அவ்விடத்தில் தணலாகக் கிடந்து ஆறிக்கொண்டிருந்தது!

இனி ஒளித் தொலைகாட்டியின் கதை. அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யான் வான் பராடெய்ஸ் என்பவரின் கீழ் டைட்டஸ் கலாமா, போல் கிரூட் எனும் இருவர் ஆராய்ச்சி மாணவராயிருந்தனர். இடம் பற்றிய செய்தி எட்டியவுடன், கனாரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவின் மலையுச்சியில் உள்ள 4.2 மீற்றர் வில்லியம் ஹேர்ஷல் தொலைகாட்டியினால் அச்சிறு வட்டத்தைப் படம் பிடிக்க ஏற்பாடாயிற்று. வெடிப்பு நிகழ்ந்து ஏறக்குறைய 21 மணி நேரத்தில் படம் எடுக்கப்பட்டது. ஒரு படம் மட்டும் இருந்து பயனில்லை. அதில் தெரியும் மங்கற் புள்ளிகள் பலவற்றுள் எது புதியது என்று யார் சொல்லக்கூடும்? ஆகவே மார்ச் 8ஆம் திகதி அதே இடத்தை மீண்டும் எடுத்தனர். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதற் படத்திலிருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை. அது கொஸ்தா கண்ட எக்ஸ் கதிர்ப் புள்ளியின் இடத்திலேயே இருந்தது.

வானியலாளர் ஒளியின் தரத்தை எண்ணாற் குறிப்பர். எண் கூடக்கூட ஒளி குறையும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய நட்சத்திரம் 6ஆம் தரம். முதற் படத்திலிருந்த புள்ளி 21.3. அதாவது கண் காணக்கூடிய மிக மங்கிய நட்சத்திரத்திலும் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் மங்கியது. மார்ச் 8ஆம் திகதிப் படம் 23.6 வரை காட்டக்கூடியதாயிருந்தும் அதிற் புள்ளி தெரியவில்லை. எட்டு நாளில் எட்டு மடங்குக்கும் மேலாக ஒளி வடிந்துவிட்டது. நம் முன்னோர் திருவாதிரை நாளில் வணங்கிய செந்நிற நட்சத்திரம் விளங்கும் ஓரியன் கூட்டத்தின் எல்லைக்குள்ளேயே இத்தனையும் நடந்தது. பின்னர் ஹபிள் தொலைகாட்டி பார்த்தபோது, எஞ்சிய மங்கற் புள்ளியின் அருகே ஒரு சிறு ஒளிப்புகை தென்பட்டது. அது தொலைவிலுள்ள ஒரு உடுத்திரள் என்றனர் பலர். உறுதிப்படுத்தும் அளவு அதுவரை எவர் கையிலும் இல்லை.

பத்து வாரம் கழித்து அந்த அளவும் கிடைத்தது. 1997 மே 8ஆம் திகதி பெப்போ வேறொரு வெடிப்பைப் பிடித்தது. அரிசோனாவிலுள்ள ஒரு சிறிய தொலைகாட்டியினால் ஹவார்ட் பொண்ட் அதன் ஒளிப்புள்ளியைக் கண்டார். இம்முறை புள்ளி இரண்டு நாள் வளர்ந்து பின்பே தேயத் தொடங்கிற்று. அது பிரகாசமாயிருந்த அந்த இடைவெளியில், மே 11ஆம் திகதி, ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையிலுள்ள 10 மீற்றர் கெக் தொலைகாட்டியைத் திருப்பி, மார்க் மெற்ஸ்கரும் கூட்டத்தாரும் அவ்வொளியின் நிறமாலையைப் பெற்றனர். நிறமாலையில் இரும்பும் மகனீசியமும் விழுங்கிய கருங்கோடுகள் இருந்தன. ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் அல்ல. மகனீசியத்தின் கோடு ஆய்வுகூடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த பகுதியில் விழும். இங்கே அது பச்சைப் பகுதிக்கு வந்துவிட்டது. அலைகள் யாவும் 1.835 மடங்கு நீண்டிருந்தன. பிரபஞ்சம் விரிவதால் வழிநெடுக அலையும் நீளும் என்பதைப் பாடநூல்களிற் படித்திருக்கின்றோம். இந்த நீட்சிக்கு அவ்வொளி ஏறக்குறைய 700 கோடி ஆண்டு பயணம் செய்திருத்தல் வேண்டும். நம் புவிக்கு வயது 460 கோடி ஆண்டே. புவி தோன்றுமுன் புறப்பட்ட ஒளி அது. பச்சின்ஸ்கி பதினோராண்டாகச் சொல்லிவந்ததே மெய்யென நிலைபெற்றது.

அதே வெடிப்பின் வானொலிப் பின்னொளியையும் டேல் பிரெயில் முதலியோர் நியூ மெக்சிக்கோவிலுள்ள பெரிய வானொலித் தொலைகாட்டி வரிசையாற் கேட்டனர். எனக்கு இப்பகுதியிலேயே விருப்பம் அதிகம். நட்சத்திரம் மின்னும், கிரகம் மின்னாது. காரணம், நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி. கிரகத்துக்குச் சிறு பரப்பு உண்டு. இங்கேயும் முதற் சில வாரங்களில் வானொலி ஒளி மின்னி மின்னி ஏறி இறங்கிற்று. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மின்னல் அடங்கிவிட்டது. அதாவது புள்ளியாயிருந்தது பரப்பாகிவிட்டது. கணக்கிட்டால், அது ஒரு ஒளியாண்டின் பத்திலொரு பங்கு அளவுக்கு வீங்கியிருந்தது. ஒரு மாதத்தில் அவ்வளவு பருப்பதாயின், ஒளியின் வேகத்தை அண்டிய வேகத்தில் விரிந்திருத்தல் வேண்டும். எவரும் அணுக இயலாத ஒரு பொருளின் பருமனை, அதன் மினுமினுப்பு நின்றதை வைத்தே அளந்துவிட்டனர்!

பின்னொளி எவ்வாறு எழுகின்றது என்பதை ரீசும் பீற்றர் மெசாரோஷும் 1997 தொடக்கத்தில் வெளிவந்த கட்டுரையிலேயே கணித்திருந்தனர். வெடிப்பில் எறியப்பட்ட பொருள் ஒளியை ஒட்டிய வேகத்தில் சென்று, சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் மோதுகின்றது. மோதலில் விசைபெற்ற இலத்திரன்கள் காந்தப் புலத்தில் சுழன்று ஒளிவிடுகின்றன. வேகம் தணியத் தணிய ஒளி எக்ஸ் கதிரிலிருந்து கண்காணும் ஒளிக்கும், அதிலிருந்து வானொலி அலைக்கும் இறங்குகின்றது. தேய்வுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாளிலிருந்த ஒளி இரண்டாம் நாளில் ஏறக்குறையப் பாதி; பத்தாம் நாளிற் பத்திலொன்று. ஆகவே முந்திச் சென்றவனுக்கே மிகுதி கிடைக்கும்.

முந்துவதற்கும் வழி பிறந்தது. செய்மதி இடத்தைக் குறித்த சில வினாடியில், மனிதர் கை படாமலே, உலகெங்கும் உள்ள நிலையங்களுக்குச் செய்தி அனுப்பும் ஒழுங்கை அமெரிக்காவின் ஸ்கொட் பார்தெல்மி அமைத்திருந்தார். அச்செய்தியைக் கேட்டவுடன் தானே திரும்பும் ஒரு கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கார்ல் ஏக்கர்லொவ் கூட்டத்தார் அமைத்தனர். அது பெரிய தொலைகாட்டியன்று. சாதாரணக் கமராவின் நெடுவில்லைகள் நான்கு. 1999 ஜனவரி 23ஆம் திகதி வெடிப்புத் தொடங்கி 22 வினாடியில் அது முதற் படத்தை எடுத்தது. 47 வினாடியில் ஒளி 9ஆம் தரத்துக்கு ஏறிற்று. ஒருவன் சரியான திசையில் இரட்டைக்கண் தொலைகாட்டியைப் பிடித்திருந்தால் தன் கண்ணாலேயே கண்டிருப்பான். 900 கோடி ஆண்டுக்கு மேல் பயணம் செய்த ஒளி! அக்கமரா வைக்கப்பட்டிருந்த இடம் லொஸ் அலமோஸ். முப்பது ஆண்டுக்கு முன் கட்டுக்களைப் புரட்டிய அதே ஊர்.

இவ்வெடிப்பு ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. எல்லாத் திசைக்கும் ஒரே சீராக ஒளி வீசிற்று என்று கொண்டால், சூரியனின் முழுத் திணிவையும் சக்தியாக மாற்றினாலும் கணக்குக்குப் போதாது. இதற்கும் விடையைத் தேய்வே தந்தது. சில நாட்களின் பின் ஒளி முன்னையிலும் விரைவாகத் தேயத் தொடங்கிற்று. குறுகிய தாரையாகப் பீறிட்டது பரந்து விரியும்போது அவ்வாறு நிகழும் என்று முன்பே கணித்திருந்தனர். ஆகவே வெடிப்பு உருண்டையானதன்று. ஒரு மின்சூளின் ஒளிபோலக் குறுகியது. நம்மை நோக்கியவற்றை மாத்திரமே நாம் காண்கின்றோம். நமக்குப் புறங்காட்டி வெடிப்பவை இவற்றிலும் பன்மடங்கு.

எது வெடிக்கின்றது என்ற கேள்விக்கு 2003 மார்ச் 29ஆம் திகதி வெடிப்பு பெரும்பாலும் விடை கூறிற்று. பின்னொளி ஒரு வாரம் தேய்ந்தபின், அதன் அடியிலிருந்து வேறொரு ஒளியின் நிறமாலை தலைகாட்டியது. அது மாண்டுபோகும் பெரிய நட்சத்திரமொன்றின் வெடிப்பு. சூரியனிலும் பலமடங்கு பெரிய நட்சத்திரத்தின் உள்ளகம் தன் பாரத்தால் இடிந்து கருந்துளையாகும்போது தாரை பீறிடுகின்றது என்ற கருத்து அன்றுமுதல் உறுதிபெற்றது. 2004 நவம்பரில் 'சுவிப்ட்' செய்மதி ஏவப்பட்டபின் வெடித்து ஓரிரு நிமிடத்திலேயே பின்னொளியைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இவ்வேலை பெரிய நாடுகளின் பெரிய நிலையங்களுக்கே உரியது என்று எண்ணவேண்டாம். பின்லாந்து நாட்டின் யுவாஸ்கூலா நகரில் பொழுதுபோக்காக வானம் பார்ப்போர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, தாமே சிறு வானாய்வு நிலையமும் நடத்தினர். 2000 செப்டெம்பரில் அச்சங்கத்தார் ஒரு வெடிப்பின் பின்னொளியைப் படம் பிடித்தனர். அலுவலும் படிப்பும் முடிந்த பின்னிரவில் செய்த வேலை அது. நம்மூர்ச் சங்கங்களும் இதனைச் சிந்திக்கலாம். மழையும் முகிலும் நமக்குச் சிறிது இடைஞ்சல் என்பது மெய்யே.

2008 மார்ச் 19ஆம் திகதி வெடிப்பு தனித்துக் கூறத்தக்கது. அதற்கு அரை மணி முன் அருகே வேறொரு வெடிப்பு நிகழ்ந்ததால், சிலி நாட்டிலிருந்த அகன்ற கமராக்கள் அப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆகவே வெடித்த கணத்திலிருந்தே ஒளி பதியப்பட்டது. அது 5.3ஆம் தரம்வரை ஏறிற்று. ஏறக்குறைய 750 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளியை, இருண்ட வானத்தின்கீழ் நின்ற எவனும் அரை நிமிடம் வெறுங்கண்ணாற் கண்டிருக்கலாம். அக்கமராக்களுள் ஒன்று, பச்சின்ஸ்கியின் தூண்டுதலால் போலந்து நாட்டார் அமைத்தது. அவர் 2007 ஏப்ரலில் காலமாகிவிட்டார். நம் நாட்டுக்கும் அந்நாளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அன்று அதிகாலை கொழும்பிற் காலமானார். சில மணி நேரத்தில் அவ்வொளி வந்து சேர்ந்தது; இலங்கையில் அப்போது முற்பகல் வெளிச்சம். அவ்வெடிப்புக்குக் கிளார்க்கின் பெயரை இடலாமென்று சிலர் சொன்னதும் உண்டு.

இரண்டு வினாடிக்கும் குறைவாக நிற்கும் குறும் வெடிப்புக்கள் வேறோர் இனம். இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி ஒன்றாகும்போது அவை பிறக்கின்றன என்பதற்கு 2017 ஓகஸ்ட் 17ஆம் திகதி சான்று கிடைத்தது. அன்று ஈர்ப்பு அலைக் கருவிகள் அதிர்வை உணர்ந்து 1.7 வினாடியில் காமாக் கதிர் வந்தது. பதினொரு மணி நேரத்துக்குள் சிலியிலுள்ள ஒரு மீற்றர்த் தொலைகாட்டி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4993 என்ற உடுத்திரளில் புதிய ஒளியைக் கண்டது. அவ்வொளி நீலமாயிருந்து சில நாளிற் சிவந்தது. பாரமான மூலகங்கள் அங்கே உருவாகின்றன என்பதற்கு அது அடையாளம். நம் தாய்மாரின் தாலியிலுள்ள பொன்னில் ஒரு பங்கேனும் இத்தகைய மோதலிற் பிறந்தது என்று அறிஞர் கருதுகின்றனர். எக்ஸ் கதிர்ப் பின்னொளி இம்முறை ஒன்பது நாள் தாமதித்தே தெரிந்தது. தாரை நம்மை நேராக நோக்காமையே காரணம்.

2022 ஒக்டோபர் 9ஆம் திகதி வந்த வெடிப்பு, அதுவரை பதிந்தவற்றுள் யாவற்றினும் பிரகாசமானது. காமாக் கருவிகள் திக்குமுக்காடின. புவியின் மேல்வளிமண்டலமும் கலங்கிற்று. பால்வீதியின் தூசிப் படலங்களிற் பட்டுச் சிதறிய எக்ஸ் கதிர், வானத்தில் ஒன்றன்புறம் ஒன்றாக 20 வளையங்களாய் விரிந்தது. பொன் முதலிய பார மூலகங்கள் இத்தகைய பெருவெடிப்பிலும் பிறக்குமோ என்று அறிய அனைவரும் அவாவினர். ஆனால் பின்னொளியின் பிரகாசம் அடியிலுள்ள நட்சத்திர வெடிப்பை மறைத்து நின்றது. ஏறக்குறைய ஆறு மாதம் அது தேயும்வரை பொறுத்திருந்து, பின்பே வெப் விண்வெளித் தொலைகாட்டியைத் திருப்பினர். நட்சத்திர வெடிப்பு தெரிந்தது. அது சாதாரணமானதாகவே இருந்தது. பார மூலகங்களின் அடையாளம் எதுவும் அதில் இல்லை என்று 2024இல் அறிவித்தனர்.